பாட்டனார் பிறந்த இடம்

இலங்கையின் பழைய பிறப்புச் சான்றிதழில் இரண்டு கட்டங்கள் உண்டு. பாட்டனார் இலங்கையில் பிறந்தவராயின் அவருடைய முழுப் பெயர், பிறந்த வருடம், பிறந்த இடம் என்பது ஒன்று. தகப்பன் இலங்கையில் பிறவாமல் பூட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவருடைய விபரம் என்பது மற்றது. ரத்தோட்டை, கம்மடுவ, எல்கடுவ, உக்குவளை என்று தோட்டப் பக்கங்களிலிருந்து என் மேசைக்கு வந்த சான்றிதழ்களில் பெரும்பாலும் இரண்டு இடத்திலும் ஒரு கோடு இழுத்திருக்கும். பாட்டன் திருச்சிப் பக்கமோ, சேலத்துப் பக்கமோ, புதுக்கோட்டைப் பக்கமோ பிறந்தவர் என்பதற்கு அந்தக் கோடுதான் அடையாளம். பிள்ளை தொட்டிலில் கிடக்கும்போதே அதன் வெளிநாட்டு உறவு அரசாங்கப் பதிவில் ஏறிவிடுகிறது.

மாத்தளையில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்ந்தவன் நான். அதற்கு முன் தொழிற்சங்க அலுவலகம் ஒன்றில் படிவம் நிரப்புகிற வேலை. பிரஜாவுரிமை, அடையாள அட்டை, கடவுச்சீட்டு, உத்தியோக விண்ணப்பம், பாதுகாப்பு விசாரணைக்கான குடும்ப விபரம் என்று தலைப்புகள் மாறும். கேள்வி மாறாது. உனக்கு அந்நிய நாட்டில் யார் இருக்கிறார்கள், அவர்களோடு உனக்கு என்ன கொடுக்கல் வாங்கல் என்பதுதான் அது.

கோப்பிக் காலத்தில் தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கிய சனம் தம்புள்ளை, நாலந்தை வழியாகக் காட்டுப் பாதையில் நடந்து வந்து சேர்ந்த முதல் மலைநாட்டு ஊர் மாத்தளை. மலையகம் 200 என்ற இருநூறாண்டு நினைவாக 2023இல் தலைமன்னாரில் புறப்பட்ட நடைபயணம் ஆகஸ்ட் 12ஆம் திகதி இங்கே வந்து முடிந்ததற்கும் அதுதான் காரணம். அந்தப் பாதையில் வந்தவர்களின் பிள்ளைகள் இந்த மண்ணில் பிறந்து, பேரப்பிள்ளைகள் இங்கே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த காலத்தில்தான் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. ஏற்கெனவே இலங்கையில் பிறந்திருந்த ஒருவர் வம்சாவளிப் பிரஜையாக வேண்டுமானால், தகப்பன் இங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். தாய்வழிக்கு இடமே இல்லை. பிறப்புச் சான்றிதழின் அந்த இரண்டு கட்டங்களும் இந்தச் சட்டத்தின் நிழல்தான். தோட்டத்தில் பிறந்த தகப்பனுக்குப் பதிவு இருந்தால் தப்பலாம். பல தோட்டங்களில் பழைய பிறப்புகளுக்குப் பதிவே கிடையாது, இருந்தாலும் பெயர் ஒத்துவராது. முத்துச்சாமி ஒரு கடதாசியில் முத்தனாகவும், தோட்டத்துச் செக்ரோல் பதிவேட்டில் முத்தையாவாகவும் இருப்பார்.

அடுத்த வருடம் வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம்தான் எங்கள் தொழிலுக்கு அரிச்சுவடி. எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த பெரியவர் அந்தச் சட்டத்தின்கீழ் மனு எழுதியவர். மணமானவர் 1946 ஜனவரி முதலாம் திகதிக்கு முன்னர் தொடர்ந்து ஏழு வருடம், மணமாகாதவர் பத்து வருடம் இலங்கையில் வசித்திருக்க வேண்டும். ஒரு தடவை போய் வருவதில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியில் தங்கியிருக்கக் கூடாது. மனைவியும் பராயமடையாத பிள்ளைகளும்கூட இங்கேயே இருந்திருக்க வேண்டும். 1951 ஆகஸ்ட் 5ஆம் திகதி வாசல் மூடியது. அதற்குள் 2,37,034 விண்ணப்பங்கள் போய்ச் சேர்ந்தன. அவற்றுக்குள் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மனிதர்கள். 1964 வரை பிரஜாவுரிமை கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கு.

அந்த விசாரணைகளில் என்னென்ன எடுபடும், என்னென்ன கவிழ்க்கும் என்பதைப் பெரியவர் எனக்கு வரிவரியாகச் சொல்லியிருக்கிறார். தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு போவது எங்கள் வழக்கம். தாய்வீடு தமிழ்நாட்டுத் துறையூரில் இருந்தால் அவள் கப்பலேறித்தான் போக வேண்டும். பிள்ளை பிறந்து, தாய்க்கு உடம்பு சரியில்லாமல் போய், மழையும் வந்து, திரும்பி வர பதினான்கு மாதம் ஆகியிருந்தால் புருஷனுடைய மனு ஆட்டம் கண்டுவிடும். ஊரில் தகப்பன் விட்டுப்போன அரை ஏக்கர் புன்செய்யில் பங்கு இருக்கிறதா என்று கேட்பார்கள். இருக்கிறது என்றால் இவன் நிரந்தரமாக இங்கே தங்குகிறவன் இல்லை என்று வாதம் எழும்.

எல்லாவற்றையும்விடக் கொடியது பணம் அனுப்பியது. ஊரில் இருக்கும் தாய்க்கு மாதாமாதம் ஏதோ கொஞ்சம் அனுப்பவேண்டுமென்றால் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாட்டுப் படிவம் நிரப்ப வேண்டும். தற்காலிகமாக இலங்கையில் வசிப்பவர் என்று அதில் கையொப்பமிட்டால்தான் பணம் போகும். படிவத்தைத் தோட்டத்துக் கிளாக்கர் நிரப்பியிருப்பார், இவர் கைநாட்டு வைத்திருப்பார். சில வருடம் கழித்துப் பிரஜாவுரிமை விசாரணையில் அந்தக் கடதாசியே எதிரில் வந்து நிற்கும். நீயே உன்னைத் தற்காலிகமானவன் என்று சொல்லியிருக்கிறாயே என்பார்கள். பெற்ற தாய்க்குச் சோறு போட்டதற்கான சாட்சி, இந்த நாட்டில் அவனுக்குப் பற்று இல்லை என்பதற்குச் சாட்சியாக மாறியது. இந்த ஒன்றைச் சொல்லும்போது பெரியவருக்கு எப்போதும் குரல் உயரும். எனக்கும் அப்படித்தான். உறவு இருக்கிறதா என்று அரசாங்கம் கேட்பதை நான் குறை சொல்லமாட்டேன். எந்த நாடும் கேட்கும். உறவு இருப்பதையே தீர்ப்பாக எடுத்துக்கொண்டு, அது என்ன மாதிரியான உறவு என்று பார்க்க மறுத்ததுதான் அநியாயம்.

1964 அக்டோபர் 30இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம். பிரஜாவுரிமை இல்லாத 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுக்கும். மிச்சம் 1,50,000 பேரை 1974இல் இரண்டு நாடும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. நான் சங்க அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது இதை அடுத்த வருடங்களில்தான். ஒரே லயத்தில் அண்ணன் இந்தியாவுக்கு எழுதினார், தம்பி இலங்கைக்கு எழுதினார். அண்ணன் குடும்பம் ஒப்பாரிக் கோச்சி என்று பேரெடுத்த ரயிலில் தலைமன்னார் போய், இராமேஸ்வரத்தில் இறங்கி, கோத்தகிரியிலோ கூடலூரிலோ தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகத்தில் மறுபடியும் கொழுந்துக் கூடையைத் தூக்கியது. தம்பிக்கு இங்கே பிரஜாவுரிமைச் சான்றிதழ் வந்தது. அதே நாளிலிருந்து கூடப்பிறந்த அண்ணன் தம்பிக்கு வெளிநாட்டு உறவினர் ஆனார். இவர்கள் தேடிப்போன வெளிநாட்டுத் தொடர்பு அல்ல இது. இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டு உண்டாக்கிக் கொடுத்த தொடர்பு. பின்னாளில் பாதுகாப்பு விசாரணைப் படிவங்களில் இந்த அண்ணனைப் பற்றி எழுதவேண்டி வந்தபோதெல்லாம், ஒப்பந்தத்தின் பெயரையும் அவர் போன வருடத்தையும் அடைப்புக்குள் சேர்த்து எழுதுவதை நான் கட்டாயமாக வைத்திருந்தேன்.

சான்றிதழ் கிடைத்தவர் பதிவுப் பிரஜை. அந்த அட்டையை அவர்கள் தகரப் பெட்டிக்குள் புடவை மடிப்பில் வைத்திருப்பார்கள். வம்சாவளிப் பிரஜைக்கு அப்படி ஒன்று தேவையில்லை. பதிவுப் பிரஜை ஐந்து வருடம் தொடர்ந்து வெளிநாட்டில் வசித்தால் உரிமை போகலாம் என்ற ஏற்பாடும் சட்டத்தில் இருந்தது. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு 26ஆவது உறுப்புரையில், பிரஜாவுரிமை எந்த வழியில் வந்தது என்பதை வைத்து எந்த நோக்கத்துக்காகவும் வேறுபாடு காட்டக்கூடாது என்று தெளிவாகவே எழுதிவைத்தது. அதை நான் மேசைக் கண்ணாடிக்கு அடியில் சிங்களத்திலும் தமிழிலும் எழுதி வைத்திருந்தேன். அதற்குப் பிறகும் வர்த்தமானியில் வந்த எத்தனையோ உத்தியோக விண்ணப்பங்களில் நீர் வம்சாவளிப் பிரஜையா, பதிவுப் பிரஜையா, பதிவாயின் சான்றிதழ் இலக்கமும் திகதியும் என்ன என்ற கேள்வி அப்படியே இருந்தது. கேட்டால் தகவலுக்காகத்தான் என்பார்கள். தகவலுக்காக என்றால் அதை வைத்து யாரும் முடிவு எடுக்க மாட்டார்கள் என்று பொருளாகாது.

நாடற்றவர்களாக மிஞ்சியிருந்தவர்களுக்கு 1986, 1988, 2003 சட்டங்கள் வழி விட்டன. 2003 சட்டம் நல்ல சட்டம் என்று நான் மனதாரச் சொல்வேன். அந்த வருட டிசம்பரில் பத்து நாளுக்குச் சற்றுக் கூடுதலாக நடந்த முகாம்களில் ஏறத்தாழ 1,90,000 பேர் பிரஜைகள் ஆனார்கள். இந்தியக் கடவுச்சீட்டு கையில் வைத்துக்கொண்டு, 1984இல் கப்பல் நின்றுபோனதால் போகாமல் தங்கிவிட்டவர்களுக்கும் விசேட பிரகடனம் ஒன்றில் கையொப்பமிட்டால் போதும் என்றானது. வெளிநாட்டுக் கடவுச்சீட்டையே ஒரு தடையாகப் பார்க்காமல் அது எப்படி வந்தது என்று பார்த்த சட்டம் அது.

போர்க் காலத்து விசாரணைகள் வேறு. தோட்டத்துப் பிள்ளைகள் படித்து, சிங்களமும் எழுதப் பழகி, அரச உத்தியோகங்களுக்கு விண்ணப்பித்த காலம். நேர்முகத் தேர்வு முடிந்ததும் பின்னணி விசாரணைக்குப் போகும். கிராம சேவகரிடம் கேட்பார்கள், தோட்டத்து ஒப்பீஸில் கேட்பார்கள், பக்கத்து லயத்தில் கேட்பார்கள். 1977க்குப் பிறகு மாத்தளைப் பக்கத்திலிருந்து கலவரத்துக்குப் பயந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன குடும்பங்கள் பல. அங்கிருந்து சிலர் படகேறித் தமிழ்நாட்டு முகாமுக்குப் போனார்கள். ஆகவே ஒரு பையனுக்குக் கோத்தகிரியில் பெரியப்பாவும், மண்டபம் முகாமில் சின்னம்மாவும் இருப்பது சாதாரணம். விசாரிக்க வருபவருக்கு இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தெரியாது. இந்தியாவில் ஆள் இருக்கிறது என்ற ஒரு வரிதான் மேலே போகும்.

அதனால் நான் ஒரு முறை வைத்துக்கொண்டேன். படிவத்தோடு ஒரு தனித்தாள். உறவினர் பெயர், முறை, எந்த வருடம் எந்த ஒப்பந்தத்தில் போனார், இப்போது எந்த நாட்டுப் பிரஜை, கடைசியாகப் பார்த்தது எப்போது, கடிதமா தொலைபேசியா, பணம் வருகிறதா போகிறதா. கேட்காததையும் எழுதச் சொல்வேன். பிள்ளைகள் பயப்படுவார்கள். “ஐயா, சின்னம்மாவ எழுத வேணாமே, எழுதினா வேல கிடைக்காது” என்று ஒரு தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சியது உண்டு. எழுதாமல் விட்டு, பக்கத்து லயத்தில் கேட்கும்போது வெளியே வந்தால், சின்னம்மா பிரச்சினையாக இருக்கமாட்டாள், மறைத்ததுதான் பிரச்சினையாகும் என்று அவருக்கு விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. எழுதினோம். அந்தப் பையனுக்கு நியமனக் கடிதம் வந்தது. அதே காலத்தில் இன்னொரு தோட்டத்துப் பையனுக்கும் அதே மாதிரித் தாள்தான் எழுதினேன். அவனுக்குக் கடைசிவரை இல்லை என்றும் வரவில்லை, ஆம் என்றும் வரவில்லை. ஏன் என்று யாரும் சொல்லவில்லை.

பின்னாளில் இந்தக் கேள்வி கல்யாணத்துக்குள்ளும் வந்தது. வெளிநாட்டவர் இலங்கையரை மணம் முடிப்பதென்றால் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி அறிக்கை வேண்டும் என்று 2022 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து பதிவாளர் நாயகத்தின் சுற்றறிக்கை நடைமுறைக்கு வந்தது. எங்கள் சனத்தில் அத்தை மகளுக்கும் மாமன் மகனுக்கும் முடிச்சுப் போடுவது முறை. ஒப்பந்தத்தில் போன அத்தையின் பேத்தியை இங்கே இருக்கும் பேரனுக்குக் கேட்டால், அவள் சட்டப்படி வெளிநாட்டுப் பெண். ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் அவளுடைய பாட்டி பிறந்த லயம் இன்னும் நிற்கிறது. அந்தப் பிறப்புப் பதிவை எடுத்து மொழிபெயர்த்து மனுவோடு சேர்த்துக் கொடுத்தோம். சேர்க்கச் சொல்லி எவரும் கேட்கவில்லை. பார்க்கிற அதிகாரிக்கு இந்தப் பெண் எங்கிருந்து வருகிறாள் என்பது தெரிந்திருக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது.

பிறகு அமெரிக்கா. நான் பழக்கிய தோட்டத்து மாணவி ஒருத்தி அங்கே போய், பொறியியல் படித்து, வருடங்கள் கழித்து அந்த நாட்டுப் பிரஜை ஆனாள். அரசாங்கத்துக்கு வேலை செய்யும் கம்பனி ஒன்றில் சேர்வதற்குப் பாதுகாப்பு அனுமதி வேண்டியிருந்தது. பிரஜையாக மாறியவர்களும் அதற்கு விண்ணப்பிக்கலாம். பிரஜை அல்லாதவர்களுக்கு அந்த வழி கிடையாது. ஒரு இரவு அழைத்தாள். “ஐயா, அம்மா பிறந்த திகதி அடையாள அட்டையில ஒண்டு, சான்றிதழ்ல ஒண்டா இருக்கு. எத எழுதுறது?” இரண்டையும் எழுது மகள், ஏன் இரண்டு என்று ஒரு வரி சேர் என்றேன். மொழிபெயர்ப்பும் சத்தியக் கடதாசியும் இங்கிருந்து போயின.

அந்தப் படிவத்தை அவள் எனக்கு வாசித்துக் காட்டினாள். தாய், தகப்பன், உடன்பிறந்தோர், மாமனார், மாமியார் வரை ஒவ்வொருவரும் எந்த நாட்டுப் பிரஜை. கடைசியாகப் பேசியது எப்போது. எந்த வழியில், எத்தனை நாளுக்கு ஒரு தடவை. அவர்களுக்கு வேலை கொடுப்பவர் யார். அந்த நாட்டு அரசு, இராணுவம், உளவுத்துறையோடு தொடர்பு உண்டா. தாய் கொழுந்து எடுத்த தோட்டம் 1975இல் அரசுடைமை ஆனது, பிறகும் அரசின் கையிலேயே இருந்தது. அப்படியானால் அம்மா வெளிநாட்டு அரசாங்க ஊழியரா என்று கேட்டாள். ஆம் என்று எழுதி, செய்த வேலை கொழுந்து பறிப்பு, சம்பளம் நாட்கூலி, ஓய்வு பெற்ற வருடம் இது என்று விளக்கம் சேர்த்தோம். முகவரியில் அடுத்த சிக்கல். லயத்துக் காம்பராவுக்கு வீட்டு இலக்கமும் இல்லை, தெருவும் இல்லை. கடிதம் தோட்டத்து ஒப்பீஸுக்குத்தான் வரும். மேற்பிரிவு, லயம், காம்பரா என்று பிரித்து எழுதி, கிராம சேவகர் பிரிவையும் சேர்த்தேன்.

அதற்குப் பிறகு வந்தது நான் எதிர்பார்த்திருந்த கேள்வி. வெளிநாட்டுப் பிரஜை ஒருவருக்கு நீ பணம் கொடுத்து ஆதரிக்கிறாயா? மாதாமாதம் அம்மாவுக்கு அனுப்புகிறாள். எழுபது வருடத்துக்கு முன் இவளுடைய பாட்டன் மாத்தளையிலிருந்து துறையூருக்கு அனுப்பிய பணத்தைப் பற்றித்தான் எனக்கு ஞாபகம் வந்தது. கேள்வி அதே கேள்வி. ஆனால் அங்கே எடைபோடுவதற்கு எழுதிவைத்த விதி இருக்கிறது. 2017இல் புதுப்பித்த பதின்மூன்று வழிகாட்டல்களில் ஒன்று முழுக்க வெளிநாட்டுச் செல்வாக்கைப் பற்றியது. உறவு எப்படிப்பட்டது, அந்த நாடு எப்படிப்பட்டது, உறவினரைப் பிடித்து வைத்து உன்னை மிரட்ட வழி இருக்கிறதா, அமெரிக்காவில் உனக்கு வேர் எவ்வளவு ஆழம் என்று ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கிறார்கள். இரட்டைப் பிரஜாவுரிமை இருப்பது மட்டுமே தகுதியின்மை ஆகாது என்றும் எழுதியிருக்கிறார்கள். மறைத்தால் அது வேறொரு வழிகாட்டலின்கீழ் தனிக் குறை. சந்தேகம் மிஞ்சினால் நாட்டின் பாதுகாப்புப் பக்கம்தான் தீர்ப்பு சாயும் என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறார்கள். அது கடுமையான விதி, தாயைப் பிரிந்து போன பிள்ளைகளை அது அதிகம் வதைக்கும். அதை நான் மெச்சவில்லை. ஆனால் மறுத்தால் காரணங்களை எழுத்தில் கொடுக்கிறார்கள், பதில் சொல்ல நாள் கொடுக்கிறார்கள், கம்பனி ஊழியர்களுக்கு நீதிபதி முன் விசாரணை உண்டு, பெயரை எடுத்துவிட்டுத் தீர்ப்புகளையும் வெளியிடுகிறார்கள். அந்தத் தீர்ப்புகளை வாசித்துத்தான் அவள் தன் விளக்கங்களை எழுதினாள். அனுமதி கிடைக்க நீண்ட காலம் எடுத்தது, கிடைத்தது. இப்போது மாசி மகத்துக்கு முத்துமாரியம்மன் தேர் பார்க்க வருவதென்றாலும் முன்கூட்டியே அறிவித்துவிட்டுத்தான் வர வேண்டும். வருகிறாள்.

பதில் வராமல் போன பையனைப் பற்றி மேலே சொன்னேன். அவனுடைய மகன் இப்போது உத்தியோகத்துக்கு விண்ணப்பித்திருக்கிறான். அவனுக்கும் பின்னணி விசாரணை முடிந்து மௌனம்தான். இலங்கையில் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அதன் ஐந்தாம் பிரிவில் தேசிய பாதுகாப்பைக் காட்டித் தகவல் மறுக்கலாம் என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே விசாரணை அறிக்கையைக் கேட்கவில்லை. விண்ணப்பம் இப்போது எந்த நிலையில் இருக்கிறது, முடிவு எடுத்தாயிற்றா, எடுத்தால் எந்த விதியின்கீழ், வெளிநாட்டு உறவினர் விடயம் கணக்கில் எடுக்கப்பட்டதா, எடுக்கப்பட்டால் எந்த அளவுகோலால் என்று ஐந்து கேள்விகள் மட்டும் எழுதினோம். சிங்களத்திலும் தமிழிலும் பிரதி எடுத்து, தகப்பனும் மகனும் போய்த் தகவல் அலுவலரிடம் கொடுத்து, கிடைத்த பற்றுச்சீட்டை எனக்குக் காட்டினார்கள். கோரிக்கை மறுக்கப்பட்டால் மேன்முறையீட்டுக்குப் பதினான்கு நாள். அந்த மனுவின் முதல் பக்கத்தை நான் இப்போதே எழுதி வைத்திருக்கிறேன். 26ஆவது உறுப்புரைதான் அதில் முதல் வரி.